பி.டி.ஓ. குடிக்கிற தண்ணீர்

நைனா சைக்கிள் கேரியரில் பித்தளைக் குடத்தை வைத்து, பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். குடத்தின் வாயில் துவைத்த வேட்டியிலிருந்து கிழித்த வெள்ளைத் துணி. வாசலில் தெளித்த சாணித் தண்ணீர் இன்னும் காயவில்லை. அக்கா ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நிற்கிறாள்.

"வுடு கஸ்தூரி. வெயில் ஏறிடும்" என்கிறார் நைனா.

"நீ போவ வேணாம் நைனா" என்கிறாள் அக்கா.

நைனாவுக்கு அப்போது வலது முழங்கால் வீங்கிக் கிடந்தது. படி ஏறினாலே முகம் சுளிப்பார். அந்தக் காலை வைத்துக்கொண்டு உத்திரமேரூர் வரை மிதித்துப் போய், ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வரக் கிளம்பியிருந்தார். எனக்காகத்தான். அந்த வருஷம் எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது.

நான் கதை அளப்பதாக நினைக்க வேண்டாம். மீசை வைத்த ஆண்களும் மூக்குத்தி போட்ட பெண்களும் சேர்ந்து ஊரோடு நம்பிய விஷயம் இது. போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ஏரியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினேன். படித்துவிட்டு ஊரிலிருந்து ஒருவர் போன் செய்து, இப்படியே ஊர்ப் பெருமையாக எழுதிக்கொண்டிரு என்று ஆசீர்வாதம் செய்தார். இந்த வாரமும் ஊர்ப் பெருமைதான். அவர் படிக்கட்டும்.

கன்றுக்குச் சொன்னது

உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது எங்கள் ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பஸ் பிடித்து வந்து வாசலில் நிற்பார்கள்.

எங்கள் ஊரிலிருந்து முதன்முதலில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போனவர் கணக்கில் போனார். அடுத்து எழுதியவரும் கணக்கில் போனார். அதற்கடுத்தவர் பரீட்சைக்கே போகாமல் மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டார். இவர்கள் படித்தார்களா, அறுப்பு நாளில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்களா, வீட்டில் உட்கார்ந்து எழுத ஒரு விளக்காவது இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மாட்டு டாக்டர் ஒருவர் ஊருக்கு வந்தார். கன்றுகள் மேயாமல் சோர்ந்து படுக்கின்றன என்று அவரிடம் காட்டினார்கள். அவர் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் வாங்கிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தண்ணீர் கொஞ்சம் கடுப்பு, கன்றுகளுக்கு மந்தம் தட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்றுக்குச் சொன்னதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கன்றுகளுக்காவது வேறு தண்ணீர் வைத்தார்களா என்றால் அதுவும் கிடையாது.

இதைவிட வசதியான கண்டுபிடிப்பு அந்தப் பக்கத்தில் வேறு நடந்ததாகத் தெரியவில்லை. பையன் தவறினால் அவனுக்கு வெட்கமில்லை, தண்ணீர் அப்படி. அப்பனுக்குக் கவலையில்லை, தண்ணீர் அப்படி. ஏரிக்கரை மேலேயே நடந்து போனால் வருகிற ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருக்குத்தான் இதில் ஏக சந்தோஷம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வகுப்பின் கடைசியில் உட்கார வைத்துவிடுவார். யாராவது எழுந்து சந்தேகம் கேட்டால், "உனுக்கு சொல்லி இன்னா ஆவப் போவுது, உக்காரு" என்பார். வெளியூர்க்காரரான அவருக்கே எங்கள் தண்ணீர் அத்துப்படி.

இத்தனைக்கும் பொங்கல் வந்தால் புளியந்தோப்பில் சீட்டுக் கச்சேரி நடக்கும். எவன் எந்தச் சீட்டை எறிந்தான், எவன் கையில் என்ன மிச்சம் இருக்கும் என்று அத்தனை பேரும் மனசுக்குள்ளேயே போட்டு வைத்துக்கொண்டு ஆடுவார்கள். ஒரு சீட்டு பிசகாது. அவர்கள் பக்கத்தில் சொம்பில் இருந்ததும் அதே ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான்.

வறுத்த பயறு

என் அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். கல்யாணமாகிப் பல வருஷம் அம்மாவுக்குக் குழந்தை இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படி இருந்தால் திருப்புட்குழிக்குப் போவார்கள். குளத்தில் முழுகி, வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் பயறு முளைவிட்டிருந்தால் பிள்ளை பிறக்கும்.

அம்மாவும் போனாள். அவள் மடியில் பயறு முளைத்தது என்றுதான் சாகிற வரை சொன்னாள். அடுத்த வருஷம் கஸ்தூரி அக்கா பிறந்தாள். ரொம்ப நாள் கழித்து நான்.

அம்மாவின் நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. எனக்கு விளங்காதது வேறு. சட்டியில் போட்டு வறுத்த பயறு முளைக்கும் என்று நம்பி ஈரப் புடவையோடு படுத்திருந்தவள், அந்தப் பயறுக்குப் பிறந்த பெண்ணுக்கு அல்ஜீப்ரா வரும் என்று ஒரு நாள்கூட நம்பவில்லை. அக்கா புத்தகத்தோடு உட்கார்ந்தால், "வராததுக்கு இன்னாத்துக்குடி முட்டிக்கினு கீற, எழுந்து அடுப்பப் பாரு" என்பாள். கோபமாகச் சொன்னாலும் பரவாயில்லை. பரிவாகச் சொல்வாள்.

இப்போதெல்லாம் கல்லூரிகளில் கோட்டு போட்ட ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, உன்னால் முடியும், கண்ணை மூடிக்கொண்டு பத்து தரம் சொல் என்கிறார். பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் மாட்டிக்கொள்ளும்போது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம்தான் வரும். இவர்கள் முடியும் என்பதை மந்திரமாகச் சொல்கிறார்கள், எங்கள் ஊரார் முடியாது என்பதை மந்திரமாகச் சொன்னார்கள். கணக்கை எப்படிப் போடுவது என்று இரண்டு கூட்டமும் சொல்லித்தரவில்லை.

அடித்துவிட்டு வந்தவள்

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது எழுபதுகளின் கடைசியில். எங்கள் தெருவிலிருந்து அதுவரை போன முதல் பெண் அவள். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கில் போய்விட்டது.

அது எப்படிப் போனது என்பதுதான் முக்கியம். கேள்வித்தாளைப் பார்த்ததும் முதல் கணக்கு அவளுக்குத் தெரிந்த கணக்காக இருந்தது. கடகடவென்று போட்டாள். விடையும் வந்தது. உடனே பயம் பிடித்துக்கொண்டது. நம் தலைக்கு இவ்வளவு சுலபமாக வருமா, எங்கோ தப்பு இருக்கிறது என்று தோன்றியது. போட்டதைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டாள். அடுத்ததும் வந்தது, அதையும் அடித்தாள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து சரியான விடைகளைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, தப்பான விடைகளை எழுதி வைத்துவிட்டு வந்தாள்.

அவளோடு அதே பரீட்சையில் அதே கணக்கில் தவறியவள் இன்னொருத்தி இருந்தாள். ஸ்டெல்லா. எங்கள் ஊர்க் காலனிக்காரப் பெண். அவள் அப்பா அம்மா எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். லீவு நாளில் அவளும் நாற்று நட, களை பறிக்க வருவாள். காலனிக்குத் தனிக் கிணறு, ஏரிக்கு அந்தப் பக்கம். ஊர்க் கிணறு இந்தப் பக்கம். இரண்டுக்கும் ஊறுகிற தண்ணீர் ஒரே ஏரியிலிருந்துதான். ஆனால் ஸ்டெல்லா தவறியதற்கு ஊரில் யாரும் தண்ணீரைக் காரணம் சொல்லவில்லை. அவளுக்கு எதற்குப் படிப்பு என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்கள். அவளுக்குச் சாக்கு சொல்லக்கூட ஒருவரும் சிரமப்படவில்லை.

தவறியவர்கள் செப்டம்பரில் மறுபடி எழுதலாம். அக்காவுக்கு அந்த ஒரு வாய்ப்புதான். ஏனென்றால் அதற்குள் எங்கள் தாய்மாமா வீட்டில் பேச்சு எடுத்துவிட்டார்கள். மாமாவுக்கு உத்திரமேரூரில் நெல் வியாபாரம். அக்காவைவிட ஏகப்பட்ட வயசு மூத்தவர், முதல் மனைவியை இழந்தவர். அக்கா பாஸ் பண்ணினால் டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்புவதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார். தவறினால் தை மாதம் மாமாவுக்குக் கழுத்தை நீட்டவேண்டும்.

மாமா நல்ல மனிதர்தான். அக்காவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள இஷ்டமில்லை, அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு ஒரு பாஸ் மார்க் தேவைப்பட்டது.

கூஜா

நைனா கெட்டவரில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் போன வாரம் பேசிய அதே ஊர்க்காரர் மறுபடி போன் செய்வார். மகள் படிக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு நிஜமாகவே இருந்தது. அதற்காக அவர் என்ன செய்தார் என்றால், மகளுக்கு டியூஷன் வைக்கவில்லை, வாத்தியாரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீரை மாற்றினார்.

உத்திரமேரூரில் யூனியன் ஆபீஸ் பக்கத்தில் ஒரு தெருக்குழாய் இருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் யூனியனுக்கே பெரிய அதிகாரியான பி.டி.ஓ. குடிக்கிறார், ரிஜிஸ்தரார் குடிக்கிறார், குமாஸ்தாக்கள் எல்லாம் குடிக்கிறார்கள். அத்தனை பேரும் படித்தவர்கள். நைனாவுக்கு இதற்குமேல் ருசு வேண்டியிருக்கவில்லை. காலையில் கிளம்பிப் போய்க் குடத்தில் பிடித்துக்கொண்டு, துணியால் வாய் கட்டி, வழியில் எங்கும் கீழே வைக்காமல் கொண்டுவந்தார்.

பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீரின் மந்தம், சில மாதத்து டவுன் தண்ணீரில் எப்படி இறங்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்தக் குடத்தை மற்றவர்கள் தொடக்கூடாது. நான் ஒரு தரம் டம்ளரை விட்டு மொண்டபோது அம்மா புறங்கையில் வைத்தாள் ஒன்று. உனக்கு வேண்டிய வருஷம் வரும்போது குடிக்கலாம் என்றாள். ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டில் இருந்தால் ஆளாளுக்குக் குடித்துவிடுவார்கள் என்று, அம்மா அந்தத் தண்ணீரைத் திருகுமூடி போட்ட கூஜாவில் ஊற்றி அக்காவிடம் கொடுத்து, கழனியில் இருக்கிற மோட்டார் கொட்டாய்க்குப் படிக்க அனுப்பினாள். மருந்து சாப்பிடுகிறவளைச் சும்மா விடவேண்டும் என்ற கணக்கில், சாணி அள்ளு, அடுப்பைப் பார் என்பதெல்லாம் நின்றது. மக்கு என்று சொல்வதும் நின்றது. கணக்கு வாத்தியார் காதுக்கும் சேதி போயிற்று. டவுன் தண்ணீர் குடிக்கிற பெண்ணாச்சே என்று, சந்தேகம் கேட்கப் போன அக்காவை அவர் முதன்முறையாக நிற்கவைத்துப் பதில் சொன்னார்.

செப்டம்பரில் அக்கா எழுதினாள். பாஸ்.

ஊர் சொன்ன காரணம்

ஸ்டெல்லாவும் பாஸ். அக்காவைவிடக் கூடுதல் மார்க்.

ஊருக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. டவுன் தண்ணீர் குடிக்காதவள் எப்படிப் பாஸ் பண்ணினாள்? ஒரே பொழுதில் பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுக்குச் சும்மா மார்க் போட்டுவிடுவார்களாம். விடைத்தாளில் வெறும் நம்பர்தான் இருக்கும், திருத்துகிறவருக்குப் பேரும் தெரியாது தெருவும் தெரியாது என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றார்கள்.

அக்கா பாஸ் பண்ணியதில் ஒரு கெடுதலும் நடந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் மந்தம் என்பது அதோடு நிரூபணமாகிவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து உத்திரமேரூர் ரோட்டில் குடம் கட்டிய சைக்கிள்கள் போக ஆரம்பித்தன. அந்தப் பிள்ளைகள் டவுன் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தார்கள். குடித்துவிட்டுத் தவறினார்கள். குடத்தை மூடாமல் கொண்டுவந்திருப்பான், வழியில் கீழே வைத்திருப்பான் என்று அதற்கும் காரணம் சொன்னார்கள். ஒருவரும் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அக்கா டிரெயினிங் முடித்து டீச்சராகி, மதுராந்தகம் பக்கம் வேலைக்குப் போனாள். மாமா வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். ஸ்டெல்லா நர்சுக்குப் படித்துச் செங்கல்பட்டில் வேலையில் சேர்ந்தாள். எண்பதுகள் பிறந்து சில வருஷம் ஆனது. என் முறை வந்தது. நைனா பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கிப் புளிபோட்டுத் தேய்க்கச் சொன்னார்.

ஹேண்டில்பாரைப் பிடித்தவள்

இப்போது மறுபடி வாசலுக்கு வருகிறேன். லீவுக்கு வந்திருந்த அக்கா ஹேண்டில்பாரை விடவில்லை. நைனா பொறுமையாகச் சொன்னார். உனக்குச் செய்ததைத் தங்கச்சிக்குச் செய்ய வேண்டாமா, நாளைக்கு அவள் என்னைக் கேட்கமாட்டாளா என்றார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"கூஜாத் தண்ணிய நான் குடிக்கவே இல்ல நைனா. மோட்டார் கொட்டாயாண்ட கீற முருங்கைக்கு ஊத்தினேன். தெனமும்."

நைனா டியூபைப் பிடித்தபடியே யோசித்தார். முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. ஏதோ ரொம்ப நாளாக விளங்காதது விளங்கிய மாதிரி தலையை ஆட்டினார்.

"அதான் அந்த முருங்க அப்டி காச்சிதா" என்றார்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இந்த மனிதரிடம் எதைச் சொல்லி என்ன புரியவைப்பது. அக்காவுக்கு டீச்சராகிக் கொஞ்சம் பொறுமை வந்திருந்தது. அவள் மிச்சத்தையும் சொன்னாள்.

மோட்டார் கொட்டாயில் தண்ணீர்த் தொட்டிக்குச் சிமெண்டுச் சுவர் உண்டு. களையெடுக்க வருகிற ஸ்டெல்லா, மற்றவர்கள் சாப்பிட்டுக் கால் நீட்டுகிற நேரத்தில் அந்தச் சுவரில் கரித்துண்டால் கணக்குப் போடுவாளாம். அவளும் செப்டம்பருக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தாள். தப்பு வரும். தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி அழிப்பாள். மறுபடி போடுவாள். மறுபடி தப்பு. மறுபடி அழிப்பாள். சுவர் முழுக்கக் கரிக்கறை.

அக்கா அசந்துபோனாள். படிப்பு வருகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் சரியாக வந்துவிடும், வராதவர்களுக்குத்தான் தப்பு வரும் என்றே அதுவரை அவள் நினைத்திருந்தாள். இப்படித் தப்பு தப்பாக வருகிறதே, உனக்குப் பேஜாராக இல்லையா என்று கேட்டாளாம்.

"தப்பு வந்தா இன்னா. அழிச்சிட்டுப் போடு. சொவுரு எங்கயும் ஓடிப் பூடாது" என்றாளாம் ஸ்டெல்லா.

அக்கா அன்றைக்கே கரித்துண்டை எடுத்தாள். மார்ச்சில் அவள் அடித்துவிட்டு வந்த கணக்குகளை ஞாபகத்திலிருந்து சுவரில் போட்டுக் காட்டினாள். ஸ்டெல்லா பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு அடித்தாய் என்றாள். தண்ணீரால் என்று சொல்ல அக்காவுக்கே வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் தினமும் இரண்டு பேரும் சேர்ந்தே போட்டார்கள்.

"என்னவிட அவளுக்குத்தான் தப்பு ஜாஸ்தி வந்துச்சு நைனா" என்றாள் அக்கா. "ஆனா அவ அத்த தண்ணி மேல போடல."

நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சுவர், கரி, தப்பு, சரி இவற்றில் அவருக்கு ஒன்றும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் மனசு ஓர் இடத்திலேயே நின்றிருந்தது.

"அப்போ நீ இன்னா தண்ணி குடிச்சிக்கினு இருந்த?" என்று கேட்டார்.

"ஸ்டெல்லா கலயத்துல கொண்டாருவா. அத்தத்தான் குடிச்சேன். காலனிக் கெணத்துத் தண்ணி" என்றாள் அக்கா.

நைனாவின் கணக்கு

உள்ளே அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நைனாவின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தண்ணீரால்தான் கணக்கு வருகிறது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிப்படி பார்த்தால், பாஸ் போட்ட தண்ணீர் யூனியன் ஆபீஸ் குழாயில் இல்லை. காலனிக் கிணற்றில் இருக்கிறது. ஒருத்தியை இல்லை, இரண்டு பேரைப் பாஸ் ஆக்கிய தண்ணீர். வீங்கின முழங்காலோடு உத்திரமேரூர் வரை மிதிக்க வேண்டியதே இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையைத் தாண்டினால் போதும். காலனிக் கிணற்றடியில் குடத்தை வைத்து, ஒரு குடம் இறைத்து ஊற்றுங்கள் என்று கேட்டால் போதும்.

அவர் குடத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அப்புறம் குனிந்து டியூபை அவிழ்த்தார்.

"தண்ணில இன்னா கீது" என்றார். "எல்லாம் ஒண்ணுதான். படிச்சா வரும்."

இப்படித்தான் எங்கள் ஊரில் அந்த உண்மையை முதன்முதலில் ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்து சொன்னார். காலனிக் கிணற்றுக்குப் போகாமல் இருக்க அவருக்கு வேறு வழியில்லை. இரண்டு நம்பிக்கையில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று வந்தபோது, எதை விடுவது என்பதில் அவர் நொடிகூடத் தயங்கவில்லை.

அதற்கப்புறம் பார்க்கவேண்டுமே. டீக்கடையில், நெல் மண்டியில், பஸ் ஸ்டாப்பில் எல்லாம் நைனா பேச ஆரம்பித்தார். பிள்ளைகள் தலையெல்லாம் ஒன்றுதான், தண்ணீர் கிண்ணீர் என்பதெல்லாம் சும்மா, உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள், படித்தால் வரும் என்றார். மகளை டீச்சராக்கியவர் சொன்னால் ஊர் கேட்கும். கேட்டது. உத்திரமேரூர் ரோட்டில் குடம் கட்டிய சைக்கிள்கள் மெல்ல மெல்லக் காணாமல் போயின. சில வீடுகளில் நிஜமாகவே பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். சிலது பாஸ் ஆயின. எனக்கு இதில் வருகிற எரிச்சல் இன்றுவரை தீரவில்லை. நல்லது நடந்ததே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை.

என்னையும் அந்தத் தொட்டிச் சுவருக்கு முன்னால்தான் அக்கா உட்காரவைத்தாள். லீவு முடிந்து அவள் போன பிறகு நான் தனியாகப் போட்டேன். தப்பு வந்தது. அழித்தேன். வீட்டுத் தண்ணீரைத்தான் குடித்தேன். எந்தத் தண்ணீர் மேலும் பழி போட முடியாமல் போனதால் வேறு வழியில்லாமல் கணக்கைப் போட்டேன்.

பாட்டில்

ரிசல்ட் வந்த அன்றைக்கு நைனா வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் வந்து விசாரித்தார்கள். அவர் எல்லோருக்கும் அதையே சொன்னார். நம்ம கிணற்றுத் தண்ணீரைக் குடித்தே பாஸ் பண்ணிவிட்டாள் பாருங்கள், தண்ணீரில் என்ன இருக்கிறது, எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான் என்றார்.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் ஸ்டெல்லா வந்தாள். லீவில் அப்பா அம்மாவைப் பார்க்க வந்தவள், என் ரிசல்ட்டைக் கேள்விப்பட்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து நேராக எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள். கையில் வயர் கூடை, அதில் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம். முகமெல்லாம் வேர்வை. வாசல்படிக்குக் கீழேயே நின்றாள். அக்கா உள்ளே வா என்று கூப்பிட்டாள். ஸ்டெல்லா நைனா முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கிறேன் என்றாள்.

மிட்டாயை என் கையில் கொடுத்தாள். சுவரைக் கரியாக்கிவிட்டாயா என்று கேட்டுச் சிரித்தாள். அப்புறம் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்றாள் அம்மாவைப் பார்த்து.

அம்மா உள்ளே போனாள். போனவள் வரவில்லை. அடுக்களையில் நிறைய டம்ளர் இருந்தது. அவள் கொல்லைப்பக்கம் போய், மாட்டுக் கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் வேலைக்காரர்களுக்கென்று செருகி வைத்திருந்த அலுமினிய டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தாள். அது கிடைக்கவில்லை போலிருக்கிறது. சாமான்கள் உருளுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. எல்லோருக்கும் புரிந்தது. ஸ்டெல்லாவுக்கும் புரிந்தது.

எல்லாத் தண்ணீரும் ஒன்று என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் கட்டிலில்தான் இருந்தார். உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்மா, தேடாதீங்க" என்று ஸ்டெல்லா உள்ளே பார்த்துச் சொன்னாள். "எங்கிட்டயே தண்ணி கீது."

வயர் கூடையிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தாள். அண்ணாந்து குடித்தாள். குடித்து முடித்ததும் அக்கா படியிறங்கிப் போய் அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள். வாயில் வைத்தே குடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனா அப்போதும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பாட்டிலை என்னிடம் நீட்டினாள். கூஜாத் தண்ணீரில் ஒரு வாய் எனக்குக் கிடைக்காதது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். மிச்சமிருந்ததை நான் குடித்தேன். செங்கல்பட்டுத் தண்ணீர். வெயிலில் சூடாகியிருந்தது, கொஞ்சம் உப்புக் கரித்தது.